நனைவதற்கு ஒரு துணி, துவட்டுவதற்கு ஒரு துணி

நீரில் விளையாடுவதும், விளையாடியபின் உடலைத் துவட்டிக்கொள்வதும் மனிதனுக்குப் புதியன அல்ல. ஆற்றிலோ குளத்திலோ மூழ்கிக் குளித்துக் கரையேறுபவன் தலையைத் துவட்டி, உலர்ந்த வேட்டியை உடுத்திக்கொண்டே வீடு திரும்புகிறான். ஆனால் காசு கொடுத்து, உடுத்த உடையோடும் அணிந்த காலணியோடும் நனைந்து, அக்கோலத்திலேயே நாள் முழுதும் உலாவி வரும் வழக்கம் அண்மைக் காலத்தது. கேளிக்கைப் பூங்காக்களின் நீர்ச் சவாரிகள் தோற்றுவித்த வழக்கம் அது.

இதில் நெசவாளருக்கும் பருத்தி விளைவிப்போருக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர் வினவலாம். சம்பந்தம் உண்டு. இன்று நம் நாட்டிலுள்ள நீர்ப் பூங்காக்கள் பலவற்றில், பருத்தி ஆடையுடன் நீரில் இறங்கலாகாது என்றும், நைலான் போன்ற செயற்கை இழையாலான உடையே வேண்டும் என்றும் விதி உள்ளது. நாம் விளைவித்து, நாம் நெய்யும் பொருளை வாயிலிலேயே நிறுத்தும் விதி இது. இவ்விதி நியாயமானதா? நியாயமானதாயின், பருத்திக்கு அங்கே வேறு இடம் உண்டா? இவ்விரு வினாக்களையும் சினமின்றி ஆராய்வது நமக்கு நன்மை தரும்.

நீர்ச் சவாரி பிறந்த கதை

நீர்ச் சவாரியின் வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் பால் பாய்ட்டன் என்பவர். நீரில் கிடந்தும் நனையாதிருந்ததால் புகழ் பெற்றவர் அவர். 1875-ஆம் ஆண்டில், முகம் தவிர உடல் முழுவதையும் மூடும் ரப்பர் அங்கி ஒன்றை அணிந்து, மல்லாந்து மிதந்து, துடுப்பு வலித்தே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடற்கால்வாயைக் கடந்தார். ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் நீரில் கிடந்தார். அவரே 1895-இல் நியூயார்க்கை அடுத்த கோனி தீவில் ஒரு பூங்கா அமைத்து, உயரத்திலிருந்து படகைச் சரியவிட்டு நீரில் பாயச் செய்யும் சவாரியை நடத்தினார். தம் உடலை நனையாமல் காத்த மனிதர், பிறர் மேல் நீர் தெறிக்கும் விளையாட்டைத் தொழிலாக்கினார்!

அதன்பின், மரம் வெட்டும் தொழிலாளர் மரத்துண்டுகளை நீர்க்கால் வழியாக அறுவை ஆலைக்கு அனுப்பிவந்த முறையைப் பார்த்து, குடைந்த மரம் போன்ற படகில் மக்களை ஏற்றிவிடும் சவாரி 1963-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரப் பூங்காவில் தோன்றியது. 1980-இல் அதே மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், வட்டமான மிதவையில் பலரை எதிரெதிராக அமர்த்திக் காட்டாற்று வெள்ளத்தில் சுழலவிடும் சவாரி வந்தது. முன்னதில் பெரும்பாலும் மேலே தெறிக்கும் நீர்தான் நனைக்கும். பின்னதிலோ மிதவையின் தளத்திலும் நீர் புரளும். ஆகவே சட்டை தப்பினாலும் காலணி தப்புவதில்லை.

ஈரம் உடலை வாட்டுவது எங்ஙனம்?

நனைந்த துணி தானே உலர்ந்துவிடும் என்று வாளாவிருப்போர் பலர். தானே உலரும் என்பது மெய். ஆனால் அதற்குரிய வெப்பத்தை யாரேனும் கொடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒருவர் உடையில் அரை லிட்டர் நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அது முழுதும் ஆவியாக 290 கிலோ கலோரி வேண்டும். அவ்வளவையும் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலிலிருந்தே எடுப்பதாகக் கணக்கிட்டால், உடல் வெப்பம் 5 டிகிரிக்கும் மேலாகக் குறைந்துவிடும். உண்மையில் அவ்வாறு நேர்வதில்லை. வெயிலும் காற்றும் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. உடலும் தன் வெப்பத்தை இடைவிடாது உற்பத்தி செய்துகொள்கிறது. எனினும் வெயில் சாய்ந்து காற்று வீசும் மாலையில் ஈர உடையுடன் நிற்பவருக்கு நடுக்கம் ஏற்படுவதன் காரணம் இக்கணக்கிலிருந்து விளங்கும். உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குத் தோலின் பரப்பு மிகுதி. ஆதலின் பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் குளிரால் வாடுகின்றனர்.

உலர்தலுக்கு வெப்பம் மட்டும் போதாது. காற்றில் ஈரப்பதமும் குறைந்திருக்க வேண்டும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும் நெசவாளருக்கு இதனைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் பாவு படும் பாட்டை அவர் அறிவார். அமெரிக்காவில் ஒரே நிறுவனம் வட்ட மிதவைச் சவாரிகள் இரண்டினை வெவ்வேறு மாநிலங்களில் நடத்துகிறது. ஒன்று புளோரிடாவில் 1999-இலும், மற்றொன்று கலிபோர்னியாவில் 2001-இலும் தொடங்கியவை. புளோரிடாவின் கோடை புழுக்கம் மிக்கது; பிற்பகல்களில் இடியுடன் மழையும் பெய்யும். அங்கே நனைந்த கனத்த துணி பல மணி நேரம் ஈரமாகவே கிடக்கும். தென் கலிபோர்னியாவின் கோடைப் பகலோ வறண்டது. அதே துணி அங்கே விரைவில் காய்ந்துவிடும். கடற்கரையோரச் சென்னைக்கும், காற்று வீசும் கோவை வட்டாரத்திற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

பருத்தியின் குணம்

இனி விதியின் நியாயத்திற்கு வருவோம். பருத்தி இழை நீரை விரும்பும் பொருள். சாதாரணக் காற்றில் வைத்திருந்தாலே 100 கிராம் உலர்ந்த பருத்தி 7 முதல் 8 கிராம் வரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நைலான் 4 கிராம் அளவே கொள்ளும். பாலியெஸ்டரோ அரை கிராமும் கொள்வதில்லை. நீரில் தோய்த்தால் பருத்தியில் இழையின் உள்ளேயும் நீர் புகுந்து, இழை பருக்கும். செயற்கை இழைத் துணியில் இழைகளுக்கு இடையிலேதான் நீர் தங்கும். உதறினாலும் பிழிந்தாலும் அதன் பெரும்பகுதி வடிந்துவிடும்.

ஆகவே நனைந்த பருத்தி உடை கனக்கும், உடலோடு ஒட்டும், எளிதில் உலராது. நீந்துவோருக்கும் சறுக்குவோருக்கும் இது இடையூறு. தளர்ந்த வேட்டியும் சேலையும் துப்பட்டாவும் சறுக்கு வழியில் சிக்கினால் உயிருக்கே தீங்கு நேரலாம். உதிரும் பஞ்சு குளத்தின் வடிகட்டியில் அடையும். சாயம் கெட்டியாக இல்லையெனில் நீரில் கலக்கும். எனவே நீரில் இறங்கும் வேளைக்குப் பருத்தி ஏற்றதன்று என்ற விதி நியாயமானதே. நம் சரக்கு என்பதற்காக அதனை மறுத்துரைப்பது முறையன்று.

ஆனால் கதையின் மறுபாதி இனிமேல்தான் உள்ளது. நீரைப் பற்றிக்கொள்ளும் எக்குணம் பருத்தியைக் குளத்திற்கு வெளியே நிறுத்துகிறதோ, அதே குணம்தான் கரையில் அதனை இன்றியமையாததாக்குகிறது. உடம்பிலுள்ள நீரை வாங்கிக்கொள்வதில் பருத்தித் துண்டுக்கு ஈடு சொல்வது அரிது. அன்றியும், நனைந்தால் பருத்தி நூல் வலுக் குறைவதில்லை, வலுக் கூடுகிறது. முறுக்கிப் பிழிவதை ஆயிரம் முறை தாங்கும் துண்டு பருத்தியில் அமைவது அதனாலேயே.

நனையாதிருக்க வழி

நனையவே விரும்பாதார் பூங்காக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் போர்வை அங்கியை வாங்கி அணிகின்றனர். மேலிருந்து விழும் நீரை அது தடுக்கும். ஆயினும் கழுத்து வழியும் கை வழியும் நீர் புகும். மிதவைத் தளத்து நீர் காலை நனைக்கும். வெயிலில் உள்ளே வியர்க்கும். ஒரு நாளில் கிழிந்து குப்பையாவதும் உண்டு.

நீர் புகாத துணி என்றாலே ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் என்று எண்ண வேண்டுவதில்லை. மான்செஸ்டர் நகரின் ஷெர்லி ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய வெண்டைல் என்ற துணி முழுதும் நீள இழைப் பருத்தியால் ஆனது. மிக நெருக்கமாக நெய்யப்பட்ட இத்துணி நனைந்தவுடன் நூல்கள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். மேற்கொண்டு நீர் புகுவது தடைப்படும். இரண்டாம் உலகப் போரில் குளிர்ந்த கடலில் விழ நேரும் விமானிகளுக்கு இத்துணியால் அங்கி செய்தளித்தனர். பருத்தியின் குறை என்று கூறப்படும் பருத்தலையே காப்பாக மாற்றியது நெசவின் திறம் அன்றோ?

நனைந்தபின் செய்யத்தக்கவை

நனைவதென்று துணிந்தோர் கீழ்க்கண்ட முறையைப் பின்பற்றினால் நாள் கெடாது.

முதலாவது, பிழிதல். ஆவியாக்கிப் போக்குவதற்குப் பெரும் வெப்பம் வேண்டும். பிழிந்து போக்குவதற்குக் கை வலிமையே போதும். சட்டை ஓரத்தையும் கால்சட்டை நுனியையும் உடனே பிழிந்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஒற்றுதல். கழற்றக்கூடிய ஈர உடையை உலர்ந்த பருத்தித் துண்டின்மேல் விரித்து, இரண்டையும் பாய் போல் சுருட்டி முறுக்கினால், உடையிலுள்ள நீர் துண்டுக்கு மாறிவிடும். பிழிவதனால் போகாத ஈரமும் இதனால் போகும்.

மூன்றாவது, தலையும் காலும். முதலில் தலையைத் துவட்ட வேண்டும். பிறகு கால்விரல் இடுக்குகளை உலர்த்த வேண்டும். ஈரக் காலுறையுடன் நெடுந்தூரம் நடந்தால் கொப்புளம் எழும். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருத்தல் நலம். மூடிய காலணி எல்லாவற்றிலும் கடைசியில்தான் உலரும். ஆதலின் பின்புறம் வார் கட்டிய செருப்பே நீர்ச் சவாரிக்கு ஏற்றது.

நான்காவது, மாற்றுடை. சவாரிக்குச் செல்லுமுன் உலர்ந்த உடையை நீர் புகாத உறையில் இட்டுப் பாதுகாப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு உடனே உடை மாற்றுவது அவசியம். நீர் விளையாட்டு முடிந்தபின் உடுத்துவதற்குப் பருத்தி ஆடையைப் போன்று சுகம் தருவது வேறில்லை.

சில வெளிநாட்டுப் பூங்காக்களில், காசு செலுத்தினால் வெப்பக் காற்றை வீசி உலர்த்தும் சிற்றறைகளும் உள்ளன. தோல்மேலும் மெல்லிய உடைமேலும் உள்ள நீரை அவை சிதறடிக்கும். கனத்த துணியின் உள்ளீரத்தைச் சில நிமிடங்களில் போக்க அவற்றால் இயலாது. காரணம் முன் சொன்ன கணக்கேயாம்.

தேங்காய்ப்பூத் துண்டும் ஈரிழைத் துண்டும்

எத்துண்டு சிறந்தது? சுருள் நூல் எழும்பி நிற்கும் தேங்காய்ப்பூத் துண்டு துருக்கி நாட்டிலிருந்து பரவியது. அங்கு அதைக் கண்ட ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் மாதிரியைத் தம் ஊருக்குக் கொண்டு சென்றார். அவருடைய குடும்ப ஆலையார் அதனை இயந்திரத்தில் நெய்து, 1851-இல் லண்டன் மாநகரப் பெருங்காட்சியில் வைத்தனர். அடிப் பாவை இறுக்கமாகவும் சுருள் பாவைத் தளர்வாகவும் விட்டு, ஊடை இழைகளைச் சேர்த்து அடிக்கும்போது தளர்ந்த பாவு சுருளாக எழும்புகிறது. சுருள்களால் பரப்பு பெருகுவதால் அது மிகுந்த நீரை வாங்கும். ஆனால் கனமானது, ஒருமுறை நனைந்தால் அன்று மாலை வரை காய்வதரிது.

நம் ஈரிழைத் துண்டு ஒருமுறைக்கு வாங்கும் நீர் குறைவு. ஆயினும் பிழிந்து உதறிக் காற்றில் பிடித்தால் விரைவில் மறுபடி பயன்படும். மடித்தால் கையடக்கம். ஒரே நாளில் மூன்று நான்கு சவாரிகளில் நனைபவருக்குக் கனத்த துண்டு ஒன்றைவிட மெல்லிய துண்டுகள் இரண்டு மேலானவை.

புதுத் துண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். செடியிலிருந்து எடுத்த பருத்தியை நீரில் இட்டால் மிதக்கும். இழையின்மேல் இயற்கையான மெழுகு படிந்திருப்பதே காரணம். தறியில் ஏற்றிய கஞ்சியும் சேர்ந்துகொள்வதால், சரிவர வேகவைத்து அலசாத புதுத் துண்டு நீரை வாங்காமல் உடம்பின்மேல் வழுக்கும். துணியை மென்மையாக்கும் திரவங்களும் இழைமேல் படிந்து இக்குறையை உண்டாக்கும். இருமுறை நன்கு அலசியபின்பே துண்டைப் பயணத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

சங்கங்கள் கருதவேண்டியது

வாங்குபவர் துண்டைப் பற்றிக் கூறும் குறைகள் மூன்று: நீர் வாங்கவில்லை, சாயம் போகிறது, காயவில்லை. இம்மூன்றும் நம் கையால் தீரக்கூடியவை. மெழுகும் கஞ்சியும் நீங்க வேகவைத்து அலசுதல், கெட்டிச் சாயம் இடுதல், நெருக்கம் மிகாமல் நெய்தல் ஆகிய மூன்றுமே போதும். இவ்வாறு பக்குவப்படுத்திய துண்டை, கழுவாமலே பயன்படுத்தலாம் என்ற உறுதியுடன் நீர்ப் பூங்காக்கள் உள்ள ஊர்களில் விற்பனைக்கு வைப்பது சங்கங்கள் செய்து பார்க்கத்தக்க முயற்சி. நைலான் உடை கட்டாயமாயுள்ள பூங்காவிலும், நனைந்து கரையேறும் ஒவ்வொருவருக்கும் துண்டு ஒன்று வேண்டும்.

நீருக்குள் நைலான் இருக்கட்டும். கரையேறுபவரின் கைக்கு முதலில் எட்டுவது நம் துண்டாக இருக்கட்டும். அது முதல் துவட்டலிலேயே ஈரத்தை வாங்குமாறு செய்து கொடுப்பது நம் கடமை.