வாயில் இருக்கிற வாக்கியம் நோட்டுக்கு வரட்டும்!

உங்கள் வீட்டுப் பிள்ளை மூன்றாவதோ நாலாவதோ படிக்கிறதா? அப்படியானால் இன்று ராத்திரி அடுப்பங்கரை வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அதன் தமிழ்க் கட்டுரை நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"எங்கள் ஊர் நடுவட்டம். எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டம் உள்ளது. எங்கள் ஊரில் மழை பெய்யும். எனக்கு எங்கள் ஊர் மிகவும் பிடிக்கும்."

தப்பு ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழை கிடையாது, முற்றுப்புள்ளி கூட அந்தந்த இடத்தில் இருக்கிறது. ஆனால், ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு வேறு எந்த மலையூரின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்திவிடும்!

இதே குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றுவதற்குள் என்ன சொல்கிறது தெரியுமா?

"அம்மா, ரோட்டோரத்துல காட்டெருமை நின்னுச்சா, நாங்க எல்லாரும் அப்படியே நின்னுட்டோமா, அது எங்களைப் பாத்து தலையை ஆட்டிட்டு தேயிலைக்குள்ள போயிடுச்சும்மா!"

மூச்சு விடாமல் ஒரே வாக்கியம்! இடம் இருக்கிறது, பயம் இருக்கிறது, கதை இருக்கிறது. பென்சிலைக் கையில் எடுத்ததும் இதெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

எங்கே தொலைகிறது?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில், பைக்காராவைத் தாண்டினால் எங்கள் நடுவட்டம் வரும். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து, சாயங்கால நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என் வீட்டுக் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து படிப்பது வழக்கம். சில பிள்ளைகள் வீட்டில் படுகு பேசுகிறவர்கள். சிலருக்கு மலையாளம், சிலருக்குக் கன்னடம். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968-ல் வனத்துறை அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976-ல் அது தனிக் கழகமாயிற்று. 'டான்டீ' என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுப் பேச்சு எதுவானாலும், இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கஷ்டம் உண்டு. நாம் 'வந்துச்சு' என்று பேசுகிறோம், 'வந்தது' என்று எழுதுகிறோம். 'பாத்துட்டு' என்கிறது வாய், 'பார்த்துவிட்டு' என்று கேட்கிறது நோட்டு. குழந்தைக்கு இது இரண்டு வேலை. என்ன சொல்வது என்றும் யோசிக்க வேண்டும், அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றவும் வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாமல், தப்பு வராது என்று நிச்சயமாகத் தெரிந்த நாலு சின்ன வாக்கியத்தை மட்டும் அது எழுதிவிடுகிறது. ஆகவே, குழந்தையிடம் வாக்கியம் இல்லை என்று நினைக்காதீர்கள். வாக்கியம் வாயில் இருக்கிறது. நோட்டுக்கு வரும் வழியில்தான் தொலைகிறது.

ஒரு அப்பாவின் கை

இதில் போவது மார்க் மட்டும்தானா? நாலாவது படிக்கிற ஒரு பையனின் நோட்டில் 'என் தந்தை' என்ற கட்டுரையைப் பார்த்தேன். "என் தந்தை தினமும் அலுவலகம் செல்வார். மாலையில் செய்தித்தாள் படிப்பார்" என்று இருந்தது. ஏதோ ஒரு கைடிலிருந்து எழுதியது. அவன் அப்பாவோ தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர்!

"ஏன் கண்ணு, உங்கப்பா ஆபீசுக்கா போறாரு?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தை. ஆனா கட்டுரையில அப்படித்தானே எழுதணும்?" என்றான்.

தன் அப்பா கட்டுரைக்கு லாயக்கில்லை என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டது! நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "சரி, உங்கப்பா வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வாரு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"என் கன்னத்தைத் தொடுவாங்க. கை சொரசொரன்னு இருக்கும். வலிக்குதாப்பான்னு கேட்டா, கத்திக்குத்தான் வலிக்கும்னு சிரிப்பாங்க."

இதை அவன் சொன்னபடியே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றினோம். நோட்டில் ஏறியது இது:

"என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கன்னத்தைத் தொடுவார். அவர் கை சொரசொரவென்று இருக்கும். 'வலிக்குதாப்பா?' என்று கேட்டால், 'கத்திக்குத்தான் வலிக்கும்' என்று சிரிப்பார்."

அன்று ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். "ஒண்ணும் பேசாம அந்த நோட்டையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தாருக்கா" என்று மறுநாள் அவன் அம்மா வந்து சொன்னாள்.

வீட்டிலேயே செய்யலாம்

இதற்கு டியூஷன் வேண்டாம், காசு வேண்டாம். காய் நறுக்கிக்கொண்டே செய்யக்கூடியவைதான். தினம் பத்து நிமிஷம் போதும்.

*முதலில் சொல், பிறகு எழுது.* எழுதுவதற்கு முன் ஒரு தடவை உங்களிடம் வாயால் சொல்லட்டும். பிறகு சொன்னதைச் சொன்னபடியே, 'வந்துச்சு', 'போச்சு' என்றே ஒரு தாளில் எழுதட்டும். கடைசியில் நீங்களும் கூட உட்கார்ந்து 'வந்தது', 'போயிற்று' என்று மாற்றுங்கள். இரண்டு வேலையையும் இப்படிப் பிரித்துக் கொடுத்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். ஒருவர் பேசுவதாக வரும் இடத்தில் மட்டும் மேற்கோள் குறி போட்டு, பேச்சுத் தமிழை அப்படியே விட்டுவிடலாம். அந்த அப்பாவின் பேச்சு போல, அங்கேதான் உயிர் இருக்கும்.

*பூத்தொடுப்பு.* "பாட்டி எழுந்தாள். பாட்டி அடுப்பு மூட்டினாள். பாட்டி டீ போட்டாள்." உதிரிப் பூவாக இருக்கும் இந்த மூன்றையும் ஒரே சரமாகக் கட்டச் சொல்லுங்கள். "பாட்டி எழுந்து, அடுப்பு மூட்டி, டீ போட்டாள்." தமிழுக்கே உரிய சௌகரியம் இது. எழுந்து, மூட்டி, வந்து, பார்த்து என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிறோமே, அதுதான். இலக்கணத்தில் இதற்கு வினையெச்சம் என்று பெயர். அந்தப் பெயர் குழந்தைக்கு இப்போது தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஓ'ஹேர் என்பவர், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பெயர்களைச் சொல்லாமலே சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளின் எழுத்து நன்றாகத் தேறியிருந்தது என்று 1973-ல் வெளியிட்ட ஆய்வில் எழுதியிருக்கிறார்.

சரம் கட்டப் பழகிய குழந்தை சில நாள் பக்கம் நீளத்துக்குக் கட்டிக்கொண்டே போகும். அப்போது நடுவில் ஒரு குட்டி வாக்கியம் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். "காட்டெருமை எங்களைப் பார்த்து, தலையை ஆட்டி, ஒரு அடி முன்னால் வைத்தது. நாங்கள் ஓடவில்லை." அந்த இரண்டாவது வாக்கியம் சின்னதாக இருப்பதால்தானே மனசு திக்கென்கிறது!

*தலை மாற்றும் விளையாட்டு.* ஐந்து வாக்கியமும் 'எங்கள் ஊர்' என்றே தொடங்கினால் யாருக்கும் அலுக்கும். ஒரே செய்தியை வேறு வேறு வார்த்தையில் தொடங்கச் சொல்லுங்கள். "நேற்று சாயங்காலம் லைன் வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை வந்தது." "லைன் வீட்டுக்குப் பின்னால் நேற்று சாயங்காலம் காட்டெருமை வந்தது." "காட்டெருமை வந்தது லைன் வீட்டுக்குப் பின்னால்தான்!" தமிழில் வார்த்தைகளை இப்படி இடம் மாற்றினாலும் அர்த்தம் கெடாது, அழுத்தம் மட்டும் மாறும். அண்ணன் தங்கை இருந்தால் போட்டி வையுங்கள். ஒருவர் சொன்ன தலையை மற்றவர் சொல்லக் கூடாது.

*ஒரே ஒரு கேள்வி.* "மழை பெய்தது" என்று எழுதியிருக்கிறதா? "எப்படிப் பெய்தது?" என்று கேளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் எங்கள் ஊர்த் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்தப் பதிலைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! "தகரத்துல சடசடன்னு கொட்டுச்சு, அம்மா கூப்பிட்டதே கேக்கலை" என்று வரும். இன்னொரு நாள் "எதனால்?" என்று கேளுங்கள். மற்றொரு நாள் "அப்புறம்?" ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். நாலைந்தாக அடுக்கினால் அது போலீஸ் விசாரணை ஆகிவிடும்!

*சொந்தச் சொல் டப்பா.* நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, தினமும் ஒவ்வொரு குழந்தையிடமும் "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுப்பாராம். பயமும் பிரியமும் கலந்த அந்தச் சொற்களைப் பிள்ளைகள் மறப்பதே இல்லையாம். 1963-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. நாமும் ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் அப்படிச் சேர்க்கலாம். மூடுபனி, கவாத்து, கொழுந்து, உறைபனி, அட்டை, கம்பளி... இவை எங்கள் டப்பாவில் இருப்பவை. உங்கள் ஊர் டப்பாவில் கருவாடும் உப்பளமும் இருக்கலாம், கரும்பும் வாய்க்காலும் இருக்கலாம். நாளுக்கு ஒரு சீட்டு எடுத்து, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம்.

எதைப் பற்றி எழுதுவது?

மயிலும் தாஜ்மகாலும் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு வாசலில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் நடுவட்டத்தையே பாருங்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா எடுக்கும் சின்கோனா மரத்தை, தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1860 வாக்கில் நீலகிரியில் நட்டார்கள். அந்தத் தோட்டத்தில் வேலை வாங்கிய சீனக் கைதிகளை அடைத்து வைத்த பழைய சிறைக் கட்டடம் இங்கேதான் இருக்கிறது. "கடல் தாண்டி வந்த அந்தக் கைதி, முதல் நாள் காலையில் இந்தப் பனியைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்?" என்று ஒரு நாள் பிள்ளைகளைக் கேட்டேன். ஐந்தாவது படிக்கிற ஒரு பெண் எழுதினாள்: "இங்கே சுவர் இல்லாவிட்டாலும் ஓட முடியாது, ஏனென்றால் வழியே தெரியவில்லை." எங்கள் ஊர் மூடுபனியில் நடந்து பழகிய பிள்ளைக்குத்தான் இந்த வாக்கியம் வரும்!

உங்கள் ஊரிலும் ஒரு பழைய கிணறு, ஒரு இடிந்த சத்திரம், ஒரு சந்தை இருக்கும். பாட்டி சொல்லும் கதை ஒன்றாவது இருக்கும்.

திருத்தும்போது கவனம்

குழந்தை நோட்டை நீட்டியதும் சிவப்புப் பேனாவைத் தேடாதீர்கள். முதலில் முழுவதும் காது கொடுத்துக் கேளுங்கள். நன்றாக இருக்கும் ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு வகைத் தப்பு மட்டும். இன்று ர, ற என்றால் நாளை ல, ள, ழ. எல்லாவற்றையும் ஒரே நாளில் சுழித்தால், நாளைக்குப் பழையபடி அந்த நாலு பத்திரமான வாக்கியங்களே திரும்பி வரும்.

"பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டால்?" என்று கேட்கிறீர்களா? பாடத்துக் கேள்விக்குப் பாடத்தில் உள்ள பதிலையே எழுதட்டும். 'சொந்த நடையில் எழுதுக' என்று கேட்கிற இடத்தில் சொந்த நடை வேண்டாமா? அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் நாம் செய்வதும் அதற்கு உறுதுணைதான்.

"எனக்கே எழுதப் படிக்க வராதே, நான் எங்கேக்கா சொல்லிக் குடுக்கிறது?" என்று கொழுந்து பறிக்கிற ஒரு தாய் என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எழுத்தைத் திருத்தத்தான் எழுத்து தெரிய வேண்டும். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்க எழுத்து தெரிய வேண்டாம். "நீ எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டு" என்று பக்கத்தில் உட்காரவும் படிப்பு வேண்டாம். கேட்க ஆள் இருந்தால் குழந்தை சொல்லும், சொன்னால் எழுதும்.

தன் வீட்டை, தன் ஊரைத் தன் வார்த்தையில் எழுதப் பழகிய பிள்ளை, நாளைக்குத் தனக்கு வேண்டியதை ஒரு மனுவிலோ கடிதத்திலோ பிறர் கை எதிர்பார்க்காமல் எழுதிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைக்க இன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கலாம் அல்லவா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பலகாரத்தைக் கையில் கொடுத்து, "இன்னிக்கு வழியில என்ன பாத்தே?" என்று கேட்டுப் பாருங்கள்.