தாலி இருந்தது, எழுத்து இல்லை

2009 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், டெனிஸ் புரூஸ்டரும் லெனி மக்மல்லனும் திருமணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தார்கள். வட அயர்லாந்தில் பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். இரண்டு நாளுக்குள் லெனி இறந்துபோனார், வயது 43. பொதுப் போக்குவரத்து நிறுவனத்தில் 15 ஆண்டு உழைத்து, பென்ஷனுக்குப் பணம் கட்டி வந்தவர். டெனிஸ் மனைவியாக இருந்திருந்தால் அந்தப் பென்ஷன் தானாகவே கிடைத்திருக்கும். மணமாகாத துணை என்றால், உயிரோடு இருக்கும்போதே லெனி அவர் பெயரை எழுதிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும் என்றது விதி. படிவம் வரவில்லை என்று பென்ஷன் நிர்வாகத்தினர் கையை விரித்தார்கள்.

டெனிஸ் வழக்குப் போட்டார். 2017 பிப்ரவரி 8 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். மணமானவரிடம் கேட்காத படிவத்தை மணமாகாதவரிடம் மட்டும் கேட்பது பாகுபாடு என்பது தீர்ப்பு. ஏழு ஆண்டுப் போராட்டம்! துக்கத்தில் இருக்கும் ஒருவரை இப்படி அலைக்கழித்திருக்கவே கூடாது.

இது நம்மவர்களுக்கும் நெருக்கமான விஷயம். இங்கிலாந்தில் மண்டபம் பிடித்து, ஐயர் வந்து, தாலி கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பார்கள். ‘எழுத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். எழுத்து, அதாவது சட்டப்படியான பதிவு, இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி அல்ல. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் அது தானாகத் திருமணமாகிவிடாது. இலங்கையிலோ இந்தியாவிலோ அந்நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாக நடந்த திருமணம் வேறு. அதைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

மணமாகாத துணைக்கு அரசு ஓய்வூதியத்தில் (State Pension) பங்கு இல்லை. தனியார் நிறுவனப் பென்ஷனில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விதி. ஆகவே இருவரும் இருக்கும்போதே திட்டத்தின் விதிகளைக் கேட்டு வாங்குங்கள். யாருக்குப் பணம் போக வேண்டும் என்ற விருப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கிடைத்ததாகப் பதில் வந்ததா என்றும் பாருங்கள். வேலை மாறினால் புதிய இடத்திலும் கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

பிள்ளைகள் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 2023 பிப்ரவரி முதல், சேர்ந்து வாழ்ந்த துணைக்கும் அரசின் துயர்கால உதவித்தொகை கிடைக்கிறது: முதலில் 3,500 பவுண், பிறகு மாதம் 350 வீதம் 18 மாதம் வரை. பொதுவாக, இறந்தவர் தேசியக் காப்புறுதி கட்டியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் முழுத் தொகை. பிள்ளை இல்லாத துணைக்கு இன்னும் ஒன்றுமில்லை, இது அநியாயம்தான்.

பென்ஷன் மறுக்கப்பட்டால், முதலில் அந்தத் திட்டத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் முடியாவிட்டால் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, ஆனால் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே கேட்கப்படுவது சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்று. இருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டண ரசீது, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் என இவற்றில் எதையும் வீடு ஒதுக்கும்போது வீசிவிடாதீர்கள்.