குட்டி மான்ஸ்டர் டிரக்கின் கெட்டிக்கார ரகசியங்கள்… தெரியுமா?

வரிசையாக நிற்கும் கார்களை நசுக்கி, மேட்டில் ஏறி, ஆகாயத்தில் பாய்ந்து, தடாலென்று தரையில் விழுந்தும் நிற்காமல் ஓடுகிற மான்ஸ்டர் டிரக்கை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதையே பத்தில் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் ஓடும்படி, சொந்தக் கையால் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கட்டி முடிப்பது பாதி வேலைதான். ‘எல்லாம் சரியாகத்தானே மாட்டினேன், ஏன் ஓடமாட்டேன் என்கிறது?’ என்று துருவிக் கண்டுபிடிப்பது மீதிப் பாதி. இரண்டிலும் ஒளிந்திருக்கும் ஆச்சரியங்கள் இதோ!

ரிமோட் வண்டிக்கு வயது நூற்றுக்கும் மேல்!

1898-லேயே ரிமோட்டில் ஒரு வண்டி ஓடியது தெரியுமா? நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பி எதுவுமின்றித் தள்ளி நின்று ஓட்டிக் காட்டினார் நிகோலா டெஸ்லா. அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இன்று பிள்ளைகள் கையில் இருக்கும் எல்லா ரிமோட் கார்களுக்கும் அந்தப் படகுதான் கொள்ளுப்பாட்டி!

பெரியது முந்தியது, குட்டி பிந்தியது!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து பாப் சாண்ட்லர், தன் 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனார். அதுதான் ‘பிக்ஃபுட்’. 1981-ல் ஒரு வயலில் பழைய கார்கள் மேல் அதை ஏற்றி நசுக்கினார்; மான்ஸ்டர் டிரக் மோகம் பற்றிக்கொண்டது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1987-ல் ‘கிளாட் பஸ்டர்’ என்ற ரிமோட் டிரக்கை இறக்கியது. இரண்டு மோட்டார், நான்கு சக்கர இழுவை, நான்கு சக்கர ஸ்டியரிங்! இன்றைக்கும் தனக்கென்று ஒரு டிரக் கட்ட நினைக்கிறவர்களில் பலர் இதன் ஆக்சில்களை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாகச் செய்கிறார்கள். 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி டாமியா என்றால் நம்ப முடிகிறதா?

டயரில் ஓர் இந்தியத் தொடர்பு!

நிஜ மான்ஸ்டர் டிரக்கின் டயர் 66 அங்குல உயரம். அதாவது சுமார் 168 செ.மீ. முதலில் வயலில் உரம் தூவும் பெரிய வண்டிகளுக்காக வந்த டயர் அது! கிளாட் பஸ்டரின் டயரோ சுமார் 16 செ.மீ.; கிட்டத்தட்ட அச்சு அசலான பத்தில் ஒரு பங்கு. இன்னொரு ஆச்சரியம்: அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘மான்ஸ்டர் ஜாம்’ காட்சிகளுக்கு டயர் தரும் பொறுப்பை 2014-ல் ஏற்றது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பிகேடி நிறுவனம்!

இரண்டு மோட்டார் இருந்தும் நகராத வண்டி!

புதிதாகக் கட்டிய டிரக். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் மோட்டார்கள் உறுமுகின்றன. வண்டியோ நின்ற இடத்திலேயே முக்குகிறது. காரணம்? முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே மாதிரியானவை. ஒன்றைத் திருப்பி மாட்டியிருப்பதால் மோட்டார்கள் எதிரெதிராகப் பார்த்தபடி இருக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி மின்சாரம் கொடுத்தால் ஒன்று முன்னே இழுக்கும், மற்றது பின்னே இழுக்கும். ஒரு மோட்டாரின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள்… வண்டி பாயும்! அப்புறமும் ஒரு மோட்டார் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா? சில பிரஷ் மோட்டார்கள் ஒரு திசைச் சுழற்சிக்கென்றே டைமிங் வைக்கப்பட்டவை. தலைகீழாகச் சுழற்றினால் திறன் குறைந்து சூடேறும். அதற்கென்றே எதிர்ச்சுழற்சி மோட்டார் தனியாகக் கிடைக்கிறது.

வயரிங்கிலேயே ஒரு டிஃபரன்ஷியல்!

பிரஷ் மோட்டார் இரண்டையும் தொடர் இணைப்பில் போட்டால் நடப்பது வேடிக்கை; தடையில்லாத சக்கரத்துக்கே சுழற்சியைத் தரும் கார் டிஃபரன்ஷியல் மாதிரி. முன் சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், தடையில்லாமல் சுழலும் அந்த மோட்டாரே பெரும்பங்கு வோல்டேஜை விழுங்கிவிடும். தரையில் இருக்கும் பின் சக்கரங்கள் பட்டினி! பக்க இணைப்பில் போட்டால் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் போகும். தரையில் உள்ள சக்கரம் விடாமல் இழுக்கும். ஆனால் மின்னோட்டம் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்துத் தேவைப்படும் என்பதால், ஸ்பீடு கன்ட்ரோலர் அதைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கன்ட்ரோலர்தான், வேறு வழியே இல்லை!

நண்டு மாதிரி நடக்கும் டிரக்!

ஸ்டியரிங்கைத் திருப்பினால் வளையாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறதா? பயப்படாதீர்கள், எதுவும் உடையவில்லை! பின் சக்கரங்களும் முன் சக்கரங்கள் திரும்பும் பக்கமே திரும்புகின்றன, அவ்வளவுதான். ரிமோட்டில் பின் ஸ்டியரிங் சேனலின் ‘ரிவர்ஸ்’ சுவிட்சைத் தட்டினால் பின் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும். டிரக் சின்ன வட்டத்தில் சுழன்றுவிடும்.

திருப்பும்போது மயங்கி விழும் மூளை!

நேராக நன்றாக ஓடுகிற வண்டி, திருப்பும்போது மட்டும் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. பலர் ரிமோட்டைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கிவிடுவார்கள். குற்றவாளி வேறு! பெரிய டயர்களைத் திருப்பச் சக்திவாய்ந்த சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார்) வேண்டும்; அது முறுக்கும் கணத்தில் மின்சாரத்தை உறிஞ்சித் தள்ளுகிறது. வண்டியின் மூளையான ரிசீவருக்குப் போகும் வோல்டேஜ் சரிகிறது. ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது. சர்வோவுக்கென்று தனி ‘பெக்’ வோல்டேஜ் ரெகுலேட்டர் வைத்தால் நோய் தீர்ந்தது. இரண்டு கன்ட்ரோலர் உள்ள வண்டியில் ஒன்றின் சிவப்பு வயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிடுவதும் வழக்கம். இல்லையென்றால் கன்ட்ரோலர்களுக்குள் இருக்கும் இரண்டு மின்வழங்கிகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்!

காற்றே அடைக்காத டயர்!

இந்த டயர்களுக்கு பம்ப் தேவையில்லை தெரியுமா? பெரும்பாலும் உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச் வளையம். காற்று உள்ளே வந்து வெளியே போக வீலிலோ டயரிலோ துளைகூட விட்டிருப்பார்கள்! வேகம் கூடினால் மையவிலக்கு விசையால் டயர் உப்பி, அகலம் குறைந்து உயரமாகிவிடும். தரையைத் தொடுவது நடுப்பட்டை மட்டும். வண்டி அலைபாயத் தொடங்கும். டயரை வீலில் ஒட்டும் முன் அதன் உட்புறத்தில் உறுதியான டேப்பைச் சுற்றிலும் ஒட்டுவது பழைய கைவைத்தியம். இப்போது உள்ளே பெல்ட் வைத்த டயர்களே வந்துவிட்டன.

ஆகாயத்தில் ஓட்டலாம்!

தாவிய டிரக்கின் மூக்கு கீழே கவிழ்கிறதா? ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள், மூக்கு நிமிரும்! மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டதா? பிரேக்கைத் தட்டுங்கள், தாழும்! தரையைத் தொடாமலே எப்படி? சக்கரங்கள் ஒரு பக்கம் வேகமாகச் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்பியாக வேண்டும். கோண உந்தம் மாறா விதி இது. டயர்கள் கனமானவை என்பதால் மான்ஸ்டர் டிரக்கில் இந்த வித்தை அட்டகாசமாக வேலை செய்யும்.

குட்டி டிரக் ஏன் பொம்மை மாதிரி குதிக்கிறது?

4 மீட்டர் உயரத்திலிருந்து நிஜ டிரக் விழ சுமார் 0.9 நொடி ஆகும். பத்தில் ஒரு பங்கான 40 செ.மீ. உயரத்திலிருந்து குட்டி டிரக் 0.29 நொடியில் விழுந்துவிடும்! அளவைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியுமா? அதனால்தான் வீடியோவைச் சுமார் 3.2 மடங்கு மெதுவாக ஓட்டினால் குட்டி டிரக் நிஜ ராட்சதன் போலத் தெரிகிறது. அடுத்த முறை செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

பெயின்ட் அடிப்பது உள்பக்கம்!

பளபளக்கும் அந்த உடல் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் தகடு. பெயின்ட் அடிப்பது வெளியே இல்லை, உள்ளே! அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் கடைசியில். எத்தனை முறை உருண்டாலும் கீறல் விழுவது தகட்டில்தான், நிறத்தில் இல்லை. ஆனால் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் செதில் செதிலாக உரிந்துவிடும். பாலிகார்பனேட்டுக்கு என்றே உள்ள பெயின்ட் வேண்டும்.

ஒரு துண்டுக் காகிதம் போதும்!

மோட்டாரின் குட்டிப் பல்சக்கரமான பினியனையும் பெரிய பல்சக்கரத்தையும் எவ்வளவு நெருக்கமாக வைப்பது? இடையில் மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து நெருக்கி, மோட்டார் ஸ்குருவை முறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவினால் சரியான இடைவெளி தயார். மோட்டார் கத்துகிறது, வண்டி அசையவில்லை என்றால் பினியனின் குட்டி ஸ்குருவைப் பாருங்கள். மோட்டார் தண்டில் தட்டையாகச் சீவிய பகுதிமேல் அது உட்கார வேண்டும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில், ஸ்குரு கழலாமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் மட்டும் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழவைத்துவிடும்.

நிஜ டிரக்கையும் ரிமோட்டில் நிறுத்தலாம்!

கடைசி ஆச்சரியம். டிரைவர் உட்கார்ந்து ஓட்டும் 5 டன் மான்ஸ்டர் டிரக்கிலும் ஒரு ரேடியோ ரிசீவர் உண்டு! வண்டி கட்டுப்பாடு இழந்தால், மைதான ஓரத்தில் நிற்கும் அதிகாரி கையிலிருக்கும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி இன்ஜினை அணைத்துவிடுவார்.

சரி, உங்கள் டிரக் நின்றுவிட்டால்? எடுத்த எடுப்பில் எதையும் வாங்காதீர்கள். சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியைக் கட்டைமேல் ஏற்றுங்கள். பேட்டரி வோல்டேஜ், பிளக், வயர், ஸ்குரு, கியர், கடைசியில் ரிமோட் செட்டிங் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3-க்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. ஓட்டும்போது முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகு வண்டியை. நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைக்கு வாங்கித் தருவதாக இருந்தால், ரெடிமேடாக ஓடும் வண்டியை விட்டுவிட்டு, கட்டிப் பழகும் கிட்டை வாங்கிக் கொடுங்கள். இயற்பியல் புத்தகத்தில் பாதி அந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது!