விரல் நுனியை இழந்த ஆலைத் தொழிலாளி தந்த இசை: 'பிளாக் சபாத்' முதல் ஆல்பத்தின் கதை

'ஹெவி மெட்டல்' என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது காதைப் பிளக்கும் சத்தம், கறுப்புச் சட்டை, நீண்ட தலைமுடி. பிள்ளைகள் அதைப் போட்டுக் கேட்டால், "என்னடா இது, பேய்ப் பாட்டு?" என்று சத்தம் போடும் பெற்றோர் இன்றும் உண்டு. அந்த இசை பிறந்த இடம் இங்கிலாந்தில் உள்ள ஒரு தொழிலாளர் குடியிருப்பு. அதன் கனத்த ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது.

ஹெவி மெட்டலின் முதல் ஆல்பம் என்று பரவலாகக் கருதப்படுவது 'பிளாக் சபாத்'. அதே பெயர் கொண்ட இசைக்குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை பிரிட்டனில் வெளிவந்தது.

ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த நால்வர்

பர்மிங்ஹாம் நகரம் இரும்புக்கும் இயந்திரங்களுக்கும் பெயர் போனது. அங்குள்ள ஆஸ்டன் வட்டாரத்தில் வளர்ந்த நான்கு இளைஞர்களே இந்தக் குழுவினர். டோனி ஐயோமி கித்தார் வாசித்தார். கீஸர் பட்லர் பேஸ் கித்தார், பில் வார்ட் டிரம்ஸ், ஓஸி ஒஸ்போர்ன் பாடகர்.

நால்வரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஓஸி 15 வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். மாடு வெட்டும் கூடத்திலும், கார் ஹார்ன் செய்யும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். ஐயோமி ஓர் உலோகத் தகடு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்தார்.

வேலையின் கடைசி நாள்

ஐயோமிக்கு அப்போது வயது 17. ஓர் இசைக்குழுவுடன் ஜெர்மனிக்குச் சென்று வாசிக்கும் வாய்ப்பு வந்திருந்தது. அதற்காக வேலையை விட முடிவு செய்தார். கடைசி நாளன்று மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர், இனித் திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்தார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாயார்தான் அனுப்பி வைத்தார்.

அன்று தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வேலை செய்பவர் வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் ஐயோமி நிறுத்தப்பட்டார். இயந்திரம் அவருடைய வலது கை மீது இறங்கியது. வலியில் கையை வெடுக்கென இழுத்தபோது நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் துண்டாகிப் போயின.

ஐயோமி இடது கைப் பழக்கம் உள்ளவர். அவருக்குக் கித்தாரின் தந்திகளை அழுத்தும் கை வலது கைதான். இனி கித்தார் வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மனம் உடைந்து கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டுடன் வந்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும், மீதி விரல்களைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கித்தார் கலைஞர் அவர். அந்த இசைத்தட்டு ஐயோமியை மறுபடியும் கித்தாரைத் தொட வைத்தது.

பிளாஸ்டிக் புட்டியில் செய்த விரல்

பாத்திரம் கழுவும் திரவம் அடைத்து வரும் பிளாஸ்டிக் புட்டியை ஐயோமி உருக்கினார். அதில் விரல் நுனிக்குப் பொருந்தும் உறைகள் செய்தார். தந்தியில் வழுக்காமல் இருக்க, பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோல் துண்டுகளை அவற்றின் மேல் ஒட்டினார்.

உறை போட்ட விரலுக்குத் தந்தியின் தொடு உணர்வு தெரியாது. தடித்த தந்தியை அழுத்தினால் வலிக்கும். மெல்லிய கித்தார் தந்திகள் அப்போது எளிதில் கிடைக்காததால், பேஞ்சோ என்ற வாத்தியத்தின் தந்திகளைக் கித்தாரில் கட்டினார். பல விரல்களை ஒரே நேரத்தில் வைத்து வாசிக்கும் சிக்கலான முறைகளைக் குறைத்து, இரண்டு மூன்று சுரங்களை மட்டும் சேர்த்து உரக்க ஒலிக்கச் செய்தார். பின்னர் 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையே இறக்கினார். விரலுக்கும் சுலபமானது, ஒலியும் கனமானது. இன்று உலகெங்கும் ஹெவி மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிப்பதற்கு இதுவே முன்மாதிரி.

ஒரே நாளில் பதிவு

1969 அக்டோபரில் லண்டனில் உள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த ஆல்பம் பதிவானது. தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன். பணமும் நேரமும் குறைவு என்பதால், மேடையில் வாசிப்பது போலவே நால்வரும் ஒன்றாக வாசித்து, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். முதல் பாட்டு பதிவானதுமே ஐயோமியின் கித்தார் பழுதானது. கைவசம் வைத்திருந்த வேறொரு கித்தாரில் மீதியை வாசித்தார்.

ஆல்பத்தின் முதல் பாட்டு மழை, இடி, மணியோசையுடன் தொடங்குகிறது. அடுத்து கித்தாரில் மூன்றே சுரங்கள் மெதுவாக வருகின்றன. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அதன் பிறகு பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்தில் இனிமையாக ஒலிக்கும் அதே பிரதி மத்தியமம்தான். வேறு சுரங்களின் துணையில்லாமல் தனியாக இழுத்து நிறுத்தும்போது கேட்பவருக்குத் திகில் உண்டாகிறது.

அந்தத் திகில் திட்டமிட்டுச் செய்தது. குழுவின் பெயரே 1963-இல் வந்த ஒரு பேய்ப் படத்தின் பெயர். பயப்படுவதற்காக மக்கள் காசு கொடுத்துப் படம் பார்க்கிறார்களே, அப்படிப்பட்ட இசையை நாமும் செய்தால் என்ன என்று இவர்கள் யோசித்தார்கள். முதல் பாட்டில் வருபவன் சாத்தானை வணங்குபவன் அல்லன். இருட்டு உருவத்தைக் கண்டு நடுங்கி, கடவுளின் உதவியைக் கேட்பவன். ஆல்பத்தின் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டது இசைத்தட்டு நிறுவனம். குழுவினருக்கு அது முன்கூட்டியே தெரியாது.

விமர்சகர்கள் பலர் இந்த ஆல்பத்தைக் குறை கூறினார்கள். ஆனாலும் அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 23-ஆம் இடம் வரை சென்று, ஓராண்டுக்கு மேல் பட்டியலில் நீடித்தது.

2025 ஜூலை 5-ஆம் தேதி, அதே ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் அரங்கில் நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் தோன்றினார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி, நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். ஜூலை 22-ஆம் தேதி, தமது 76-ஆவது வயதில் அவர் காலமானார். அந்தக் கடைசி மேடையிலும் ஐயோமியின் இரண்டு விரல்களில் உறைகள் இருந்தன. கித்தாரைத் தொடும்போதெல்லாம் அவர் அவற்றை மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறார்.