அரை மில்லிமீட்டர் தோலில் ஒரு துளை

அலமாரிக் கதவில் நாம் பார்த்து மகிழும் தேக்கு பெரும்பாலும் தேக்கின் தோல்தான். மரத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவியெடுத்து பிளைவுட்டின் மேல் ஒட்டியிருப்பார்கள். பட்டறைக்காரர்கள் வெனீர் என்பார்கள். கைப்பிடி மாட்ட அதில் ஒரு துளை போடவேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மரப்பட்டறைகளுக்கும் இப்போது சிஎன்சி எந்திரம் வந்துவிட்டது. கணினியில் புள்ளி வைத்துவிட்டால் மயிரிழை பிசகாமல் அங்கேயே துளைபோடும் பிட் இறங்கும். இடம் பிசகாது, சரி. ஓரம் பிசிறாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. முழுத் தேக்குப் பலகையில் கொஞ்சம் சிம்பு பெயர்ந்தால் இழைத்துச் சரிசெய்யலாம். வெனீரில் இழைக்கப் போனால் அடியிலிருக்கும் பிளைவுட் பல்லிளிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிட் நிமிடத்துக்கு 4,500 முறை சுற்றுகிறது, நிமிடத்துக்கு 2.25 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர். வெனீரின் தடிமனும் அதே அரை மில்லிமீட்டர்தான்! ஆக, நம் கண்ணுக்குத் தெரியப்போகும் அந்த ஓரம் முழுவதும் ஒரே சுற்றில், வினாடியில் 75-இல் ஒரு பங்கு நேரத்தில் வெட்டுப்பட்டுவிடுகிறது. அதற்குக் கீழே 18 மில்லிமீட்டர் பிளைவுட் எப்படி அறுபட்டால் யாருக்கென்ன? விவரமறிந்தவர் எந்திரத்துக்கு எழுதும் கட்டளையில் வேகத்தை மூன்றாகப் பிரிப்பார்: தொடும்போது மெதுவாக, நடுவில் விரைவாக, அடிப்பக்கம் வெளியேறும் கடைசி மில்லிமீட்டர்களில் மறுபடி மெதுவாக. இறங்கும் வேகத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் அதே வெனீரை வெட்ட ஐந்து சுற்றுகள் கிடைக்கும். அதற்காக ஆமை வேகத்துக்குப் போய்விடவும் முடியாது. பிட் வெட்டாமல் உரசத் தொடங்கும், சூடேறும், ஓரம் கருகிப்போகும்.

சிம்பு ஏன் கிளம்புகிறது? மரம் என்பது செல்லுலோஸ் சுவர் கொண்ட நுண்குழாய்கள் லிக்னின் என்ற பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டு. நார் ஓடும் திசையில் இழுத்தால் அது அறுவது கடினம். பக்கவாட்டில் பிளந்தால் எளிதில் பிரிந்துவிடும். வயலில் கதிர் அறுப்பவர் இடக்கையால் தூரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டுதான் கருக்கரிவாளை இழுப்பார். பிடிபடாத தாள் அறுபடாமல் மடங்கி நழுவும். மர நாரும் அப்படித்தான். பின்னாலிருந்து தாங்க ஒன்று இல்லையென்றால் கூர்முனைக்கு முன்னால் வளையும், பிறகு வேரோடு பெயரும்.

மோசமாகப் போட்ட துளை ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். சிம்பு வட்டம் முழுக்க இருக்காது. நேர் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் கூடுதலாகத் துருத்தி நிற்கும். பிட் வட்டமாகச் சுற்றுகிறது, நாரோ ஒரே திசையில் ஓடுகிறது. அதனால் வெட்டுமுனை நாரைச் சந்திக்கும் கோணம் நொடிக்கு நொடி மாறுகிறது. ஓரிடத்தில் நாரோடு போகும், ஓரிடத்தில் குறுக்கே போகும், ஓரிடத்தில் நாரை எதிர்த்துக் கிளப்பும். அந்தக் கெட்ட கோணம் ஒரு சுற்றில் சரியாக இரண்டு முறை வரும். பிட் வலமாகச் சுற்றியதா இடமாகச் சுற்றியதா என்பதைக்கூடச் சிம்பின் இருப்பிடத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

இதற்கான மருந்து பிட்டின் வடிவத்தில் இருக்கிறது. இரும்பில் துளைபோடும் சாதாரண பிட்டை வெனீரில் இறக்கினால் அது நடுவை நோண்டிக்கொண்டே நாரைத் தூக்கும். மரத்துக்கென்றே உள்ள பிட்டில் நடுவே ஒரு முள்ளும் விளிம்பில் இரண்டு நகங்களும் இருக்கும். முள் இடம் பிடித்ததும் நகங்கள் முதலில் வட்டத்தைக் கீறி நாரை அறுத்துவிடும். அதன் பிறகுதான் உள்ளே இருப்பதை வழித்தெடுக்கும் வேலை. மறுபக்கம் வெளியேறும் துளைக்கு இது போதாது. அங்கே கடைசிப் படலத்தைத் தாங்க அடியில் ஒன்றுமில்லை. அதற்கு ஈட்டிபோல் கூரான முனை கொண்ட பிட் உண்டு. அடிப்படலத்தை ஒரேயடியாகத் தள்ளாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு விரித்துக்கொண்டு போகும். அடியில் ஒரு கழிவுப் பலகையை அணைத்து வைப்பது அதைவிட மலிவான வழி. சிஎன்சி மேசையின் மேல் கிடக்கும் எம்.டி.எஃப் பலகை, உறிஞ்சு காற்றால் இறுகப் பிடிக்கப்பட்டு, அந்த வேலையைத்தான் செய்கிறது.

அலமாரிக் கதவுக்குள் பதியும் கீலுக்கு 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி வேண்டும். அதைச் சிறிய ரௌட்டர் பிட்டைச் சுருளாக இறக்கியும் குடையலாம். மேல்நோக்கிய சுருள்வரை கொண்ட பிட் தூளை வெளியே தள்ளும், கூடவே வெனீரையும் தூக்கும். கீழ்நோக்கியது வெனீரை அமுக்கிப் பிடிக்கும், தூளை உள்ளேயே அடைக்கும். இரு பக்கமும் வெனீர் ஒட்டிய பலகையை முழுக்க வெட்டும்போது இரண்டையும் சேர்த்த பிட் ஒன்று கைகொடுக்கிறது: அதன் கீழ்ப்பாதி மேலே இழுக்கும், மேல்பாதி கீழே அழுத்தும். இரு முகமும் பலகையின் நடுவை நோக்கி நெருக்கப்படும்.

எண்கள் சொல்லி எந்திரத்தை நடத்தும் இந்த ஏற்பாட்டை 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், ஓட்டையிட்ட காகித நாடாவைக் கொண்டு நடத்திக் காட்டியது. ஓட்டை சொல்லி ஓட்டை போடுவது என்று சிரித்துக்கொள்ளலாம். காவிரி டெல்டாவிலோ துளையை ஒரு கலையாகவே வைத்திருக்கிற ஊர் அதற்கு முன்பே இருந்தது.

கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் நாட்டின் மிகக் கனமான மரங்களில் ஒன்றான ஆச்சாவை நெடுக்காகத் துளைத்து, மேலே குறுகிக் கீழே விரியும் குழலாக்குகிறார்கள். வாசிக்கும் துளைகள் 7. சுருதி சேர்க்கக் கீழே 5. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய ‘பாரி’ வகை நாகஸ்வரத்தில் சுத்த மத்யமம் என்ற சுரம் சரியாகப் பேசியது. துளையின் இடமும் அளவும் சற்று மாறினால் சுரமே மாறிவிடும் வேலை இது. ஓரத்தில் பிசிறு நின்றால் காற்றோட்டம் கலையும், கமகத்துக்குப் பாதி மூடும் விரலையும் அது உறுத்தும்.

அங்கே புது மரத்தைத் தேடுவதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் தூணும்தான் வேண்டும். காரணம் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் சுமார் 12 விழுக்காடு நீர் நிற்கும். 85-ஐத் தொட்டால் அது 17, 18-க்கு ஏறும். அந்த நீரால் மரம் நாரின் குறுக்கே உப்பும், நெடுக்கே ஏறத்தாழ அப்படியே இருக்கும்; குறுக்கே போட்ட வட்டத் துளை நீள்வட்டமாகும். பல பதிற்றாண்டுகள் வெயிலும் மழையும் கண்ட உத்தரத்தில் அந்த ஆட்டம் ஓரளவு தணிந்திருக்கும். பிளைவுட்டிலோ அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டு ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. ஆனாலும் மேலே இருக்கும் அரை மில்லிமீட்டர் தோல் காற்றின் ஈரத்தை முதலில் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் நார் துவண்டு பஞ்சாகப் பிசிறும்; சித்திரையில் மொறுமொறுத்துச் சில்லாக உதிரும். ஒரே பிட், ஒரே வேகம் ஆண்டு முழுக்க ஒத்துவராது. இதை எந்திரம் தானாக உணராது. ஓட்டுகிறவர்தான் வேகத்தை மாற்றவேண்டும்.

இத்தனைக்கும் மேலே கூர்மை. பிளைவுட்டில் இறுகிக் கிடக்கும் பிசின் கார்பைடு முனையையும் தேய்த்துவிடும். மழுங்கிய பிட்டை லட்சக்கணக்கில் விலையுள்ள எந்திரத்தில் மாட்டினாலும் சிம்புதான் வரும். அலமாரி செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் பட்டறையில் எந்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதே வெனீர்த் துண்டு ஒன்றில் மறுபக்கம் வரை ஒரு துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.