பழைய ஜிப்ஸி, தார், போலேரோ வெச்சிருக்கீங்களா? திருடு போனா கைக்கு எவ்வளவு வரும்னு இன்னிக்கே கணக்கு போடுங்க

தருமபுரி மாவட்டத்துல பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எப்பவும் ஒரு மவுசு உண்டு. வத்தல்மலை, சித்தேரி, பென்னாகரம் பக்கம் மேட்டு நிலம் வெச்சிருக்கிற குடும்பங்கள்ல அப்பா காலத்து மஹிந்திரா ஜீப் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும். ஓசூர்லயும் பெங்களூருலயும் வேலை பார்க்கிற நம்ம பசங்க முதல் போனஸ்ல செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸியோ பழைய தாரோ வாங்கி ஊர்ல நிறுத்திட்டுப் போறாங்க. சனி, ஞாயிறு ஓட்டறாங்க. மீதி அஞ்சு நாள் வண்டி வாசல்ல தனியா நிக்குது.

இந்தப் பதிவு அந்த அஞ்சு நாளைப் பத்தினது. பூட்டு பத்தியும் சொல்றேன். ஆனா நான் சி.ஏ., மெக்கானிக் இல்ல. அதனால பணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஐ.டி.வி.: புதுப்பிக்கும்போது நாம பார்க்காம விடுற எண்

வண்டி முழுசா திருடு போனா இன்சூரன்ஸ் கம்பெனி தர்ற அதிகபட்சத் தொகைதான் ஐ.டி.வி. மார்க்கெட்ல உங்க வண்டி எவ்வளவுக்குப் போகும்ங்கிறது அங்க பேச்சே இல்ல. பாலிசியில என்ன எழுதியிருக்கோ அதுதான்.

புது வண்டிக்கு இதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. ஆறு மாசம் வரை 5 சதவீதம் தேய்மானம், அப்படியே ஏறி நாலுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள 50 சதவீதம். அஞ்சு வருஷம் தாண்டினா அட்டவணை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஐ.டி.வி.ங்கிறது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிற தொகை. இந்த "பேசி"ங்கிற வார்த்தையை நம்ம ஆளுங்க யாரும் பயன்படுத்தறதே இல்ல. ஆன்லைன்ல புதுப்பிக்கும்போது சைட் தானா ஒரு எண்ணைக் காட்டும், பிரீமியம் கம்மியா இருக்கேன்னு சந்தோஷமா ஓகே பண்ணிடறோம்.

சாதாரண ஹேட்ச்பேக்னா இதுல பெரிய நஷ்டம் வராது. ஃபோர் வீல் டிரைவ் கதை வேற. ஜிப்ஸி உற்பத்தியே நின்னுபோச்சு, ஆனா அதைத் தேடறவங்க குறையல. அதனால விலையும் மத்த பழைய காருங்க மாதிரி இறங்கல. மார்க்கெட் விலைக்கும் சைட் காட்டுற ஐ.டி.வி.க்கும் நடுவுல பெரிய பள்ளம் விழறது இந்த வண்டிகள்லதான்.

ஒரு உதாரணக் கணக்கு. வண்டி 4,50,000 ரூபாய்க்குப் போகும். சைட் காட்டுற ஐ.டி.வி. 1,80,000. ஓன் டேமேஜ் பகுதிக்கு, அதாவது ஓ.டி.க்கு, தள்ளுபடி போக 2 சதவீதம்னு வெச்சுக்குவோம். 1,80,000க்கு பிரீமியம் 3,600. 4,50,000க்கு 9,000. வித்தியாசம் 5,400, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா 6,372. மாசத்துக்கு 531 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் போய், வண்டி போற அன்னிக்கு 2,70,000 ரூபாயை விடறீங்க.

கம்பெனி எடுத்ததும் 4,50,000க்கு ஒத்துக்காது, ஒரு வரம்புக்குள்ளதான் நகரும். ஆன்லைன்ல ஏத்த முடியலைன்னா கிளை அலுவலகத்துக்குப் போய், வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டி, செஞ்ச வேலைக்கான பில்லு, முடிஞ்சா ஒரு சர்வேயரோட மதிப்பீட்டு அறிக்கை எல்லாத்தையும் வெச்சுப் பேசுங்க. ஒரு கம்பெனி முடியாதுன்னா இன்னொண்ணைப் பாருங்க.

20, 25 வருஷத்து ஜீப்புக்கு ஓ.டி. தரவே பல கம்பெனிங்க தயங்கும். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான்னு சொல்வாங்க. 1500 சி.சி.க்கு மேல உள்ள சொந்தக் காருக்கு 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி அது 7,897 ரூபாய். இவ்வளவு கட்டியும் திருட்டுக்கு அதுல பத்து பைசா கிடையாது. "இன்சூரன்ஸ் இருக்கு சார்"னு சொல்ற பல பேர்கிட்ட இருக்கிறது இதுதான். உங்க நிலைமை இதுன்னா, ஓ.டி.க்குப் போகவேண்டிய பணத்தை மாசாமாசம் ஒரு ஆர்.டி.யில போடுங்க, பூட்டுக்குத் தாராளமா செலவு பண்ணுங்க.

ஆர்.சி. தேதி

2021 செப்டம்பர் 30 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, பழைய வண்டிக்காரங்க எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியது. வழக்குல இருந்தது ஒரு போலேரோ. புது வண்டி, 6,17,800 ரூபாய்க்கு இன்சூரன்ஸும் இருந்துச்சு. தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19ஆம் தேதி முடிஞ்சுபோச்சு, நிரந்தரப் பதிவு பண்ணல. அதே மாசம் 28ஆம் தேதி ராத்திரி ஜோத்பூர்ல ஒரு விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தப்ப காணாமப் போச்சு. செல்லுபடியாகிற பதிவு இல்லாம வண்டியை ஓட்டறது பாலிசியோட அடிப்படை நிபந்தனையையே மீறறதுன்னு சொல்லி, கிளைம் கிடையாதுன்னு நீதிமன்றம் முடிச்சிடுச்சு. பதிவு முடிஞ்சு ஒன்பதே நாள்.

15 வருஷம் தாண்டின வண்டிக்கு இது அப்படியே பொருந்தும். சொந்த வண்டியோட ஆர்.சி. 15 வருஷத்துக்கு, அதுக்கப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். காலாவதி ஆகறதுக்கு 60 நாள் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்ட்ல இதை 10,000 ஆக்கிட்டாங்க. வலிக்குதுதான். ஆனா ஆர்.சி. செத்துப்போன வண்டிக்குக் கட்டற ஓ.டி. பிரீமியம் கிட்டத்தட்ட நன்கொடை.

செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்களுக்கு இன்னொண்ணு. ஆர்.சி. பேர் மாத்தினா இன்சூரன்ஸும் தானா மாறிடும்னு நினைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவுப்படி தேர்ட் பார்ட்டி பகுதிதான் தானா வரும். ஓ.டி. பகுதி வராது. வாங்கின 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து உங்க பேருக்கு மாத்திக்கணும். பழைய ஓனர் பேர்லயே பாலிசியும் உங்க பேர்ல ஆர்.சி.யும் இருந்தா, வண்டி போனா ரெண்டு பேருக்குமே ஒண்ணும் வராது.

இன்ஜின் மாத்தின ஜீப்பா? ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் எண்ணும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணா இருக்கான்னு இந்த வாரமே பானெட்டைத் திறந்து பாருங்க. எண் ஒத்துப்போகலைன்னா கிளைமும் சிக்கல், திருடுபோன வண்டி திரும்பக் கிடைச்சா அது உங்களோடதுதான்னு நிரூபிக்கறதும் சிக்கல்.

சாவி ரெண்டும் எங்க?

திருட்டு கிளைம்ல கம்பெனி முதல்ல கேக்கிறது ரெண்டு சாவியையும்தான். செகண்ட் ஹேண்ட் ஜீப்ல பெரும்பாலும் ஒரே சாவிதான் வரும். வாங்கும்போதே "ஒரு சாவி மட்டுமே கொடுத்தேன்"னு விக்கிறவர்கிட்ட எழுதி வாங்குங்க. இல்லைன்னா லாக் செட்டையே மாத்தி, பில்லை பத்திரமா வைங்க. லாக் செட் மாத்தறது திருட்டைத் தடுக்கவும் நல்லது. பதினஞ்சு வருஷத்துல அந்தச் சாவிக்கு எத்தனை நகல் போட்டாங்களோ, யாருக்குத் தெரியும்?

சாவியை வண்டியிலேயே விட்டுட்டு இறங்கினப்ப திருடு போன ஒரு லாரி வழக்குல, 2023 ஜூலைல உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லுச்சு. முழுசா மறுக்கலயேன்னு சந்தோஷப்படலாம். ஆனா கால்வாசிப் பணம் போச்சு, அதுக்கு அவங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகவேண்டியிருந்துச்சு.

இப்ப பூட்டு

பழைய டீசல் ஜீப்ல இம்மொபிலைசர் கிடையாது. இக்னிஷன் ஒயரை நேரடியா சேர்த்தா ஸ்டார்ட் ஆகிடும். நிறைய பேர் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுட்டு நிம்மதியா தூங்கறாங்க. அது செல்ஃப் எடுக்கறதைத்தான் தடுக்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் இன்ஜினை இறக்கத்துல உருட்டி கியர்ல விட்டா பேட்டரி இல்லாமலே உயிர் வந்துடும். நம்ம ஊர்ல இறக்கத்துக்கா பஞ்சம்? அதனால டீசல் வர்ற வழியையும் அடைக்கணும். டீசல் லைன்ல கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு வால்வை நல்ல மெக்கானிக்கை வெச்சு மாட்டலாம். லைன்ல மிச்சம் இருக்கிற டீசல்ல கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்னுடும்.

ஃபோர் வீல் டிரைவுக்கே உரிய ஒரு வசதியும் இருக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை நியூட்ரல்ல வெச்சா, இன்ஜின் ஓடினாலும் கியர் போட்டாலும் சக்கரம் சுத்தாது. விஷயம் தெரியாத ஆள் குழம்பிடுவான். ஆனா ஜாக்கிரதை, அந்த நிலையில கியர் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது. ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும், பழைய ஜீப்போட ஹேண்ட் பிரேக் லட்சணம் உங்களுக்கே தெரியும். சமதளத்துல, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தும்போது மட்டும் இதைச் செய்யுங்க.

கியர் லாக், ஸ்டீயரிங் லாக் ரெண்டும் வெளிய இருந்து பார்த்தாலே தெரியணும். திருடறவனுக்கு நேரம்தான் எதிரி. ஸ்டெப்னி பின்கதவுல வெளிய தொங்குது, அதுக்குத் தனிச் சாவி உள்ள வீல் லாக் நட் வாங்குங்க. பேட்டரியைக் கிளாம்ப் போட்டுப் பூட்டுங்க. சேஸிஸ் எண்ணைக் கண்ணாடிகள்ல பொறிச்சு வெச்சா, வண்டியைப் பிரிச்சு விக்கிறவனுக்குத் தலைவலி.

ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரிச்ச திருட்டுத் தடுப்புக் கருவி மாட்டினா ஓ.டி. பிரீமியத்துல 2.5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபாய்னு பழைய மோட்டார் டேரிஃப்ல இருந்தே ஒரு விதி இருக்கு. 8,000 ரூபாய் பிரீமியத்துக்கு 200 ரூபாய். தள்ளுபடிக்காக யாரும் பூட்டு வாங்க வேண்டாம், வண்டிக்காக வாங்குங்க.

ஃபாஸ்டேக்ல எந்த மொபைல் எண் இருக்குன்னு பாருங்க. பல செகண்ட் ஹேண்ட் வண்டிகள்ல இன்னும் பழைய ஓனர் எண்தான். நாலுவழிச் சாலையில சேலம் பக்கம் போனா தொப்பூர், பெங்களூரு பக்கம் போனா கிருஷ்ணகிரி, ரெண்டு பக்கமும் டோல் இருக்கு. டேக் ஒட்டியிருக்கிற வண்டி ராத்திரி 2 மணிக்கு டோலைக் கடந்தா மெசேஜ் உங்களுக்கு வரணும், யாரோ ஒருத்தருக்கு இல்ல.

கித்தான் கிழிச்சா?

சாஃப்ட் டாப் வண்டியில கதவைப் பூட்டறது ஒரு சம்பிரதாயம் மட்டும்தான். பிளேடு இருந்தா போதும். உள்ள இருக்கிற பைக்கு, லேப்டாப்புக்கு மோட்டார் பாலிசி பணம் தராது. ஆபீஸ் லேப்டாப் போச்சுன்னா, அதுக்கு யார் பொறுப்புன்னு உங்க கம்பெனி விதியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. படிச்சதும் லேப்டாப்பை வண்டியில விடமாட்டீங்க. பின்னாடி மாட்டின வின்ச், லைட், ஸ்டீரியோ எல்லாம் பாலிசியில தனியா எழுதினாத்தான் கணக்குல வரும். எலெக்ட்ரிகல் சாமான்களுக்கு டேரிஃப்படி மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். பாகம் மட்டும் திருடு போனா பத்து வருஷம் தாண்டின வண்டிக்குத் தேய்மானம் 50 சதவீதம், அதுக்கு மேல 1500 சி.சி. தாண்டின காருக்குக் கட்டாயக் கழிவு 2,000 ரூபாய். நோ கிளைம் போனஸும் போயிடும். 6,000 ரூபாய் பேட்டரிக்குப் பாதி போக 3,000, அதுலயும் 2,000 கழிச்சா 1,000. இதுக்காக கிளைம் போடாதீங்க.

போயிடுச்சு. இப்ப என்ன?

முதல்ல 112. அப்புறம் ஸ்டேஷன். நம்ம ஊர்ல புகார் கொடுத்தா பல நேரம் சி.எஸ்.ஆர். ரசீதுதான் கையில கொடுத்து அனுப்புவாங்க. வண்டித் திருட்டு கிளைமுக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேணும். திருட்டு மாதிரி குற்றத்துல எஃப்.ஐ.ஆர். பதிஞ்சே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2013லயே சொல்லியிருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கிற புதுச் சட்டம், பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியா அனுப்பினா மூணு நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். பதிய மறுத்தா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பலாம்.

நீங்க பெங்களூருல, வண்டி அரூர்ல. காணோம்னு அப்பா சொல்றதே ரெண்டு நாள் கழிச்சுன்னா, கடைசியா வண்டியை எப்ப, யார் பார்த்தாங்க, எப்ப தெரிய வந்துச்சுங்கிறதைப் புகார்லயே தெளிவா எழுதச் சொல்லுங்க. அன்னிக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில், ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம். திருடுபோன ஒரு டிராக்டர் விஷயத்துல எஃப்.ஐ.ஆர். அன்னிக்கே போட்டுட்டு, கம்பெனிக்கு 52 நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க. 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் காரணமா வெச்சு கிளைமை மறுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. தீர்ப்பு இருக்கேன்னு 52 நாள் காத்திருக்காதீங்க.

பணம் வர நாளாகும். வண்டி கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் இறுதி அறிக்கை கொடுக்கணும், அதுக்கே மாசக்கணக்குல ஆகலாம். லோன் இருந்தா அதுவரைக்கும் இ.எம்.ஐ.யை நிறுத்தாதீங்க, சிபில் ஸ்கோர்தான் அடி வாங்கும். கிளைம் தொகையில பேங்க் பாக்கி முதல்ல போகும், மீதிதான் உங்களுக்கு.

கம்பெனி மறுத்தா, கடிதமா வாங்கிட்டு, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். இல்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதுக்கு ரெண்டு வருஷம் கெடு.

நிறைய பேர் கேக்கிற வரி சந்தேகத்தையும் சொல்லிடறேன். சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த வண்டிக்கு வர்ற கிளைம் தொகைக்கு வருமான வரி இல்ல. அந்த வண்டி மூலதனச் சொத்துக் கணக்குலயே வராது. அதே காரணத்தால, கம்மியா வந்த பணத்தை நஷ்டம்னு காட்டி உங்க சம்பளத்துல கழிக்கவும் முடியாது.