ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு தெர்மாமீட்டர்

பிசி 547 டிரான்சிஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்கே கிடைக்கும். கால்கள் கீழே, தட்டை முகம் நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். முதல் இரண்டு கால்களையும் சேர்த்துப் பற்றவைத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுங்கள். எமிட்டர் கிரவுண்டுக்குப் போகட்டும். வெப்பநிலையை உணரும் சர்க்யூட் தயார்!

மல்டிமீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்தால் 0.6 வோல்ட்டை ஒட்டி ஒரு எண் வரும். இப்போது டிரான்சிஸ்டரை இரு விரல்களால் இறுகப் பிடியுங்கள். கடைசி இலக்கம் இறங்கத் தொடங்கும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும்.

சூடு ஏற ஏற சிலிக்கானுக்குள் எலெக்ட்ரான்கள் கூடுதல் ஆற்றல் பெறுகின்றன. பேஸ்–எமிட்டர் சந்திப்பில் உள்ள தடையைத் தாண்ட அவற்றுக்குக் குறைந்த உந்துதலே போதும். அதனால் அதே மின்னோட்டத்தைக் குறைந்த வோல்ட்டேஜிலேயே கடத்திவிடலாம். ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பவர்களுக்கு இந்தக் குணம் பெரும் தொல்லை. சூடானால் கரன்ட் கூடி, கரன்ட் கூடினால் மேலும் சூடாகி, டிரான்சிஸ்டரே கருகிவிடும். வெப்பம் அளப்பவருக்கோ இதுதான் மூலதனம்.

மேலே சொன்னதில் 'அதே மின்னோட்டம்' என்பதுதான் உயிர்நாடி. சப்ளை 5-லிருந்து 5.5 வோல்ட்டுக்குப் போனால்கூடக் கணக்கு ஒரு டிகிரிக்கு மேல் பிசகும். எனவே 7805 ரெகுலேட்டர் போட்டுவிடுவது நல்லது. ரெசிஸ்டரைக் குறைத்துக் கரன்ட்டைக் கூட்டவும் வேண்டாம். டிரான்சிஸ்டர் தன் சூட்டையே அளக்கத் தொடங்கிவிடும்.

ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் சற்று வேறுபடும். கால்களில் ஹீட்-ஷ்ரிங்க் குழாய் போட்டு நீர் புகாமல் மூடி, உருகும் பனிக்கட்டியில் ஒருமுறை, கொதிநீரில் ஒருமுறை அளந்து அளவுகோலை நிர்ணயியுங்கள். (ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அங்கே கொதிநீரை 100 என்று கொள்ள முடியாது.)

இந்தச் சிரமத்தைத் தவிர்க்க அழகான வழி உண்டு. ஒரே டிரான்சிஸ்டரில் முதலில் ஒரு கரன்ட், பிறகு அதைப்போல் 10 மடங்கு செலுத்தி, இரு வோல்ட்டேஜ்களின் வித்தியாசத்தை எடுத்தால் அது கெல்வின் ஒன்றுக்குச் சுமார் 0.2 மில்லிவோல்ட் வீதம் நேர்விகிதத்தில் ஏறும். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கழிந்துபோகும். கம்ப்யூட்டர் பிராசஸர்களின் சூட்டைக் கண்காணிக்கவும் இந்த உத்தி பயன்படுகிறது.